ஐந்தாவது மைக்

என் காதைப் பற்றி எனக்கு வெகுநாள் கர்வம் இருந்தது. நான் செய்த காரியத்துக்கு அந்தக் கர்வம்தான் காரணம் என்று இப்போது சொல்லத் தயங்குவதில்லை.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களில் பெண் பிறந்தால் பாட்டு, பிள்ளை பிறந்தால் மிருதங்கம் என்று யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். மாற்றலாகி வந்தவர், இந்த ஊரின் மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். எட்டு வயதில் என்னை மிருதங்க வகுப்பில் உட்கார வைத்தார்கள். மேடையேறும் அளவுக்கு எனக்குக் கை வரவில்லை. காது மட்டும் நன்றாகப் பழகிவிட்டது. யாராவது தாளத்தில் கொஞ்சம் பிந்தினால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி எனக்கு உடம்பு கூசும். அந்தக் காதை வைத்துத்தான் பிழைத்தேன். படிப்பு முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரனாகி, விளம்பரப் படம், அரசாங்கப் படம், கல்யாண வீடியோ என்று எது கிடைத்தாலும் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மைக், ஒலிபெருக்கி வேலை முழுவதும் என் தலையில்தான். நவராத்திரிக்கு மாமிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து பாடுவார்கள். அதில் ஒருவருக்காவது சுருதி ஊருக்கு ஒரு பக்கம் போகும். காரியதரிசி மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை லேசாகத் தூக்குவார். மிக்ஸர் பெட்டியில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் நகரும் ஒரு குமிழ் இருக்கும். அந்த மாமியின் குமிழைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிவிடுவேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுவார், சபைக்கு மற்றவர்கள் குரல் மட்டும் கேட்கும். முடிந்ததும் எல்லோரும் அவரிடம் போய், "மாமி, இன்னிக்கு அமர்க்களம்" என்பார்கள். பாட்டும் கெடவில்லை, யார் மனமும் நோகவில்லை. இதை நாங்கள் நாகரிகம் என்று நினைத்தோம். நான் கொஞ்சம் பெருமையாகவே நினைத்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி ஒரு ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினாள். அவள் வங்காளி. ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டாள். அறுபதுகளில் இந்த ஊரில் ஏழு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு நடத்தியிருக்கிறார்கள். படகுக்காரர் பாட்டு, அறுவடைப் பாட்டு என்று கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டு, லாரி மேலேயும் ஆலை வாசலிலும் பாடியவர்கள். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. தட்டின் அட்டைப்படத்தில் யார் நடுவில் நிற்பது என்று ஆரம்பித்த சண்டை, குழுவையே உடைத்துவிட்டது. இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர், எல்லோருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அவர்களை மறுபடி ஒரே மேடையில் ஏற்றி, ஒரு கச்சேரி நடத்தி, அதைப் படமாக்க வேண்டும் என்பது என் சிநேகிதியின் திட்டம். ஒரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களைப் பேச வைத்துவிட்டாள். ஒலிப்பதிவு என் பொறுப்பு.

கச்சேரிக்கு முதல் நாள் ஒத்திகை. ஐந்தாமவரான பெண்மணியை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சாந்த்ராகாச்சியிலிருந்து காரில் அழைத்துவரும் வேலையும் எனக்கு வந்தது. கணவர் ரயில்வே யார்டில் வேலை பார்த்து இறந்துபோனவர். இவர் மகனோடு ரயில்பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். குள்ளமாக, வெடவெடவென்று, சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு வாசலிலேயே தயாராக நின்றார். நான் இந்த ஊர் வழக்கப்படி மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டேன். நாங்கள் பேசியது வங்காள மொழியில். என் உச்சரிப்பைக் கேட்டதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மதராசியா நீ? இட்லிக்காரப் பையன் எங்க பாட்டைப் பதிவு பண்ணப் போறியா? பலே!"

புதுப் பாலத்தில் கார் ஏறியபோது கீழே ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். "இசைத்தட்டு பதிவு பண்ணின அன்னிக்கு இந்தப் பாலம் இல்ல. ராத்திரி பூரா மழை. பழைய ஹவுரா பாலத்துக்குப் போற வழியெல்லாம் இடுப்பு வரைக்கும் தண்ணி. ரயில் இல்ல, படகும் விடல. படித்துறையில மத்தியானம் வரைக்கும் குடையோட நின்னேன். அங்க ஸ்டூடியோவுல வாடகை ஏறுதுன்னு என்னை விட்டுட்டுப் பாடி முடிச்சுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்தத் தட்டுல ஆறு குரல்தான் இருக்கு. என் பையன் சின்ன வயசுல தட்டைப் போட்டு, 'இதுல நீ எங்கம்மா?'ன்னு கேப்பான். 'நீயே கண்டுபிடி'ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் என் தோளைத் தட்டி, "இந்தத் தடவை மழை இல்ல. பாலமும் ரெண்டு இருக்கு. என் குரலைப் பிடிச்சுக்கோப்பா" என்றார்.

பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒத்திகை தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பழைய சின்ன அரங்கில். குழுவின் முன்பாட்டுக்காரர் ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார். குரங்குக் குல்லாவும் மப்ளருமாக வந்து, குல்லாவைக் கழற்றியதும் இருபது வயது குறைந்தவர் போல் பாடினார். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். யாரும் யாருக்கும் இடம் சொல்லவில்லை. கால்கள் தானாகப் போய் அவரவர் பழைய இடத்தில் நின்றன. மாஷிமா வரிசையின் கடைசியில், மற்றவர்களிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

முதல் பாட்டு படகுப் பாட்டு. வாத்தியார் ஒரு வரி எடுத்தார், மற்ற மூவரும் திருப்பிச் சொன்னார்கள். மாஷிமா பிந்தினார். எல்லோரும் வரியை ஆரம்பித்த பிறகு ஆரம்பித்தார், எல்லோரும் முடித்த பிறகு முடித்தார். என் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சரியாக அரை இடம், அதாவது ஒரு தட்டில் பாதி, பிந்தல். அடுத்த வரியிலும் அதே அரை இடம். அதற்கடுத்த வரியிலும் அப்படியே. ஐயோ பாவம், வயசாகிவிட்டது, காதில் வாங்கி வாயில் கொண்டுவர நேரமாகிறது என்று நினைத்தேன். பார்த்துப் பழகின அனுதாபம்தான், சங்கத்து மாமிகளிடம் வருகிற அதே அனுதாபம்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். வாத்தியாரிடம், "மாஷிமா கொஞ்சம் பிந்துகிறாரே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எத்தனையோ வருஷம் கழித்துப் பாட வந்தவரை நாலு பேர் முன்னால் எதற்குச் சங்கடப்படுத்துவது என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் கௌரவத்தை நான்தான் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. தேநீர் இடைவேளையில் மண் குவளையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, "குரல் வருதா?" என்று கேட்டார். "அருமையா வருது, மாஷிமா" என்றேன். எங்கள் சங்கத்து வாய் அப்படித்தான் பழகியிருந்தது.

மறுநாள் கச்சேரி. அரங்கம் நிறைந்திருந்தது. மைக் ஐந்து. ஐந்தாவது மாஷிமாவுடையது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு சேர்க்கும் வசதி எங்கள் மாதிரி ஏழைப் படங்களுக்குக் கிடையாது. ஐந்து மைக்கும் என் பெட்டிக்கு வரும், அங்கே நான் கலக்குவதுதான் அரங்கத்துக்கும் போகும், நாடாவிலும் ஏறும். பெட்டியில் நான் இறக்கிவிட்ட குரல் அப்புறம் எங்கேயும் கிடைக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. என் தொழிலே அதுதான்.

பாட்டு ஆரம்பிக்கும் முன் ஹெட்போனில் அவர் மைக்கை மட்டும் தனியாகக் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைய முதல் பாட்டை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரும் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அரை இடம். சரி என்று குமிழைக் கடைசிவரை இறக்கினேன். அவர் இரண்டடி தள்ளி நிற்பதால் மற்ற மைக்குகளில் அவர் குரல் ஏறாது. நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவருக்கு ஏதோ சந்தேகம் வந்தது. மைக்கை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அரங்கத்தின் ஓரத்தில் பெட்டிக்குப் பின்னால் நின்ற என்னைத் தேடிப் பிடித்து, பாடிக்கொண்டே கையை லேசாகத் திருப்பி, சரியாக இருக்கிறதா என்று சைகையில் கேட்டார்.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மிச்சப் பாட்டையும் பாடினார். பத்துப் பன்னிரண்டு பாட்டு இருக்கும். அத்தனையும் அந்தக் கட்டைவிரலை நம்பிப் பாடியவை.

அடுத்த வருஷம் படம் முடிந்தது. ஒரு திரைப்படச் சங்கத்துச் சின்ன அரங்கில் முதல் காட்சி. பாடகர்கள் ஐந்து பேரும் முன்வரிசையில். மாஷிமா மகனையும் மருமகளையும் அழைத்து வந்திருந்தார். நான் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுகள் ஆரம்பித்ததும் வாத்தியாரின் தலை திரும்பியது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் எதையோ எதிர்பார்ப்பதும், அது வராமல் போவதும் அவர் கழுத்து அசைவிலேயே தெரிந்தது. மாஷிமா அசையவில்லை. மகன் அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார்.

வெளியே முன்கூடத்தில் எல்லோரும் டீயோடு நின்றபோது வாத்தியார் என் சிநேகிதியைப் பிடித்துக்கொண்டார். "படம் நல்லாருக்கும்மா. ஆனா எங்க பின்படகு எங்க போச்சு?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். "நாங்க படகுப் பாட்டு கத்துக்கிட்டது பெரிய படகுல. இருபது முப்பது பேர் துடுப்புப் போடுவான். முன்னாடி உட்கார்ந்தவன் பாட்டு எடுப்பான். கடைசியில உட்கார்ந்தவன் காதுக்கு அது போய்ச் சேர நேரமாகும். அதனால அவன் எப்பவும் அரை வீச்சு பின்னாலதான் வருவான். அவன் குரல் முடியறப்பதான் முன்னாடி இருக்கறவன் அடுத்த வரி எடுப்பான். அது இல்லேன்னா படகு குட்டையாயிடும். அதனாலதான் குழுவுல ஒருத்தரைக் கடைசியில நிறுத்தி அந்த வேலையைக் கொடுத்தோம். எல்லாராலயும் முடியாது. நாங்க நாலு பேரும் இழுக்கறப்ப எங்களோட ஓடிடாம அரை வீச்சு தள்ளியே நிக்கணும். நானே முயற்சி பண்ணித் தோத்தவன். இவளுக்குத்தான் அது வந்தது."

ஒவ்வொரு வரியிலும் ஒரே அரை இடம். தடுமாறுகிறவர் தடவைக்கு ஒரு அளவில் அல்லவா தடுமாறுவார்? இத்தனை கறாராகத் தப்புச் செய்ய யாரால் முடியும்? என் தொடையில் என் விரல்களே அளந்து சொன்ன விஷயம் அது. எங்கள் சங்கீதத்தில் அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டு எத்தனையோ இருக்கிறது. ஒரு வித்வான் அப்படி எடுத்தால் ஆஹா என்று தலையாட்டுவேன். சாந்த்ராகாச்சிக் கிழவி ஒருத்தி எடுத்தபோது வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

சிநேகிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாத்தியாரும் பார்த்தார். மாஷிமாவும் அவர் மகனும் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றால் அடிக்கவா போகிறார்கள்? ஆனால் என் வாயிலிருந்து வந்தது இது. "மாஷிமா குரல் கொஞ்சம் மெலிசு. மைக்ல சரியா விழல."

வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். சிநேகிதி, அடடா என்றாள். மாஷிமாதான் முந்திக்கொண்டு என்னைக் காப்பாற்றினார். "ஆமா ஆமா, எனக்கே அன்னிக்குச் சந்தேகமாத்தான் இருந்தது. குரல் போயிடுச்சு. இந்தப் பையன் என்ன பண்ணுவான்?" மகன் பக்கம் திரும்பி, "பரவாயில்லடா. மூஞ்சி நல்லா விழுந்திருக்கில்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குமிழை இறக்கியது தெரியாமல் செய்த பிழை. இந்தப் பொய் அப்படி இல்லை, எதிரே அவர் நிற்கும்போது தெரிந்தே சொன்னது.

அடுத்த இரண்டு வாரம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி பழைய நாடாக்களைத் தேடினேன். ஒத்திகையில் நாடா வீணாகக் கூடாது என்று நான் பதிவே செய்யவில்லை. கேமராவில் இருந்த மைக்கில் கிடைத்தது இருமலும், நாற்காலி கிறீச்சிடும் சத்தமும், ஒலிபெருக்கி வழியாக வந்த நாலு குரலும்தான். ஒரு பத்திரிகையில் படத்தைப் பற்றி எழுதியவர், பாடகர் ஒவ்வொருவர் குரலும் துல்லியமாகக் கேட்கிறது என்று என்னைப் பாராட்டியிருந்தார். சிநேகிதி அதை வெட்டி எனக்கு அனுப்பினாள். நான் அதை மேஜை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டு வைத்தேன்.

அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணமாயிற்று. என் சிநேகிதி எப்போதாவது ஃபோன் செய்யும்போது மற்ற பாடகர்களைப் பற்றிச் சொல்வாள். படம் வந்த பிறகு அவர்களுக்கு மறுபடி அங்கங்கே பாட அழைப்பு வந்ததாம். மாஷிமா மட்டும் போகவில்லையாம். "எத்தனை கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாங்க. தெருவுல சரஸ்வதி பூஜைக்குக்கூடப் பாடறது இல்லையாம். வயசாச்சு இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கடைசியில், வைக்கட்டுமா என்பேன்.

அந்தச் சமயம் சங்கத்து மைக் வேலையை விட்டுவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன். வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. ஒரு நவராத்திரியின்போது என் மனைவி அந்த மாமிகள் கூட்டத்தில் பாடினாள். நான் பின்வரிசையில் சுண்டல் தொன்னையோடு உட்கார்ந்திருந்தேன். காரியதரிசி மாமாவின் புருவம் உயர்ந்தது. மிக்ஸர் முன்னால் இருந்தவர் கை ஒரு குமிழை இறக்கியது. அது என் மனைவியின் மைக். அவர் என்னைப் பார்த்து, உனக்குத் தெரியாததா என்பதுபோல் சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

டாக்ஸியில் வீட்டுக்கு வரும்போது மனைவி கேட்டாள். "இன்னிக்கு என் குரல் எனக்கே கேக்கல. மைக்ல ஏதாவது கோளாறா? நீங்க பின்னாடிதானே உட்கார்ந்திருந்தேள், கேட்டுதா?"

"கேட்டுதே."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

"அப்ப எனக்குத்தான் காது மந்தமாயிடுத்து போலிருக்கு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தைந்து வயதுக்காரி, என் பேச்சை நம்பித் தன் காதையே சந்தேகப்பட்டாள். டாக்ஸி நிற்கும் முன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் குமிழைப் பற்றியும் மாஷிமாவின் குமிழைப் பற்றியும். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே அவள் சொன்னாள். "என்கிட்ட சொன்னது சரி. அந்த அம்மாகிட்ட யார் சொல்றது?"

மாஷிமாவின் மகன் ஊருக்குக் கிழக்கே புதிதாக எழும்பிவந்த நியூ டவுனில் வீடு வாங்கி அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தார். சிநேகிதியிடம் விலாசம் வாங்கினேன். துர்கா பூஜை முடிந்து, இந்த ஊரில் பெரியவர்களைப் பார்த்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டு இனிப்புச் சாப்பிடுகிற பிஜோயா நாட்கள். போவதற்கு அதைவிடச் சுலபமான சாக்கு கிடைக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் பாதி கட்டின கோபுரங்கள், கிரேன்கள், காலி மனைகளில் வெள்ளை வெளேரென்று நாணல் பூ. ஏழாவது மாடி. கதவைத் திறந்த மருமகள் உள்ளே பார்த்து, "அம்மா, உங்க மதராசி வந்திருக்கார்" என்று குரல் கொடுத்தாள்.

இன்னும் சின்னதாகியிருந்தார். காலைத் தொட்டேன். தலையில் கை வைத்தார். தேங்காய் உருண்டைகளைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு உருண்டையைத் தின்றேன். மூன்றாவதை எடுத்தவன் தட்டிலேயே வைத்துவிட்டுச் சொன்னேன். குமிழை நான்தான் இறக்கினேன். பின்படகு என்று ஒன்று இருப்பது தெரியாது, பிந்துகிறீர்கள் என்று நினைத்தேன். கட்டைவிரலைக் காட்டியது பொய். குரல் மெலிசு என்று சொன்னதும் பொய்.

மருமகள் அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாப் பாட்டுக்குமா?" என்றார்.

"எல்லாத்துக்கும்."

"முதல் தடவை மழை" என்றார். "ரெண்டாவது தடவை நீயா?"

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் குரல் உயரவில்லை. "சமையல் பண்றப்பகூட வாயைத் திறக்கறதில்ல, தெரியுமா உனக்கு? பேத்தியைத் தூங்க வைக்கறப்ப வாயை இறுக்கி மூடிக்கிட்டு முதுகைத் தட்டுவேன். இத்தனை காலம் நல்லாப் பாடறேன்னு சொன்னவங்க எல்லாம் மரியாதைக்குச் சொன்னாங்கன்னு நினைச்சேன். செத்துப்போன என் வீட்டுக்காரர் உள்பட."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தை அந்த அறையில் ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவும் தெரியவில்லை. என்னவோ கணக்குப் போடுவதுபோல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறக்கறதுக்கு முன்னாடி நீ தனியாக் கேட்டியா? என் குரலை மட்டும்?"

"ஹெட்போன்ல கேட்டேன்."

"அப்ப இந்த உலகத்துல அதைத் தனியாக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். எப்படி இருந்துது?"

கண்ணை மூடி யோசித்தேன். அவர் குரல் கரகரப்பா, மென்மையா, சுருதி எங்கே நின்றது, எதுவும் ஞாபகம் வரவில்லை. நான் அன்றைக்குக் குரலைக் கேட்கவே இல்லை, பிந்தலை மட்டும்தான் கேட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை மாமிகளிடம் சொன்ன வார்த்தை அது. இன்னொரு பொய் வேண்டாம் என்று விழுங்கினேன்.

"குரல் ஞாபகம் இல்ல, மாஷிமா. நீங்க வந்த இடம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"எந்த இடம்?"

தேங்காய் உருண்டைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, டீப்பாயின் மேல் இடது உள்ளங்கையால் துடுப்பு வீச்சைத் தட்டினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் அரை இடம் தள்ளி, அவர் நுழைகிற இடத்தில், வலது கை விரலால் ஒரு தட்டு. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பென்று அளந்து வைத்தது, இம்மி பிசகாமல் அப்படியே இருந்தது.

மாஷிமா நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை."

தட்டினேன்.

"அதேதான். ஒரு தடவைகூட அவங்களோட ஓடிப்போகலயா?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவர் உதடு துடித்தது. பாடப் போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இத்தனை வருஷம் சும்மா கிடந்த தொண்டை. கையை வீசி அதை விட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். "பௌமா, இங்க வா. சீக்கிரம் வா."

மருமகள் சோப்பு நுரை வழியும் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். என்ன ஆயிற்றோ என்று அவளுக்குப் பயம்.

மாஷிமா என் வலது கையைச் சுட்டிக்காட்டினார். "அந்தப் படத்துல நான் எங்கேன்னு உன் புருஷன் கேட்டான் இல்ல? கேளு. இது நான்."

மருமகள் ஒன்றும் புரியாமல் என் கையைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, மாஷிமா போதும் என்று சொல்லும் வரை டீப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தேன்.